இருநூற்று முப்பது

பொரிக்காத முட்டைகளைப் புதைக்க வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் முட்டைக்காரர் தன் மைத்துனனைப் பற்றிய பேச்சை முதன்முதலாக எடுத்தார். மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல், வாளியைப் பார்த்தபடியே கேட்டார்.

"உன் தம்பி நேத்து வந்தானா?"

"வந்தான். சாப்பிட்டுட்டுப் போனான். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவர். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அப்போது பேச முடியவில்லை. வாளியில் இருந்த முட்டைகளில் ஒன்றிரண்டு உடைந்து நாறின. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஓட்டுக்குள் கண்ணும் அலகும் முளைத்து, இறகு ஈரத்தோடு ஒட்டி, வெளியே வர வலுவில்லாமல் செத்துப்போன குஞ்சுகள். மண்ணைத் தள்ளி மூடும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தார்கள்.

மழை தொடங்கியபின் பொரிக்க வைத்த இரண்டாவது ஈடு இது. போன ஈட்டிலும் பாதிக்கு மேல் இப்படித்தான் போயிற்று. அப்போது, மழைக்காலம், குளிர் அதிகம் என்று சொல்லி இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். இரண்டாவது முறை அந்தச் சமாதானம் செல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு செங்கல் அறை. அதில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப்பெட்டிதான் அவர்களுடைய பொரிப்பான். உள்ளே தட்டுத்தட்டாக முட்டைகள். அடியில் தண்ணீர்த் தட்டு, அதற்குமேல் சூடேற்றும் கம்பிச்சுருள், காற்றைச் சுழற்ற ஒரு சிறு விசிறி. சூடு முப்பத்தேழரை டிகிரிக்கு வந்தால் சுருள் தானாக அணையும். குறைந்தால் தானாக எரியும். எரிகிறபோது வெளியே சிவப்பு விளக்கு ஒன்று எரியும். பண்ணை பண்ணையாகப் போய் முட்டை வாங்கி வருவதும் குஞ்சுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. பெட்டியைப் பார்த்துக்கொள்வது முழுக்க அவள் பொறுப்பு. ராத்திரியிலும் எழுந்து வேளை தவறாமல் முட்டைகளைத் திருப்பி வைப்பாள். தண்ணீர் ஊற்றுவாள். கதவின் கண்ணாடி வழியே சூட்டுமானியைப் பார்ப்பாள். டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்து, நரம்பு ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாததை ஒதுக்குவாள். பெற்ற பிள்ளைகூட இத்தனை தடவை எழுப்பியிருக்காது என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

அவள் கவனித்தது ஒன்றுதான். ராத்திரியில் சூடு சரியாக நிற்கிறது. பகலில் முப்பத்தைந்துக்கு இறங்கிவிடுகிறது. சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது, சூடு மட்டும் ஏறவில்லை. இதை அவள்தான் கணவரிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பிற்பாடு பலமுறை நினைத்தாள்.

"பகல்ல மட்டும் ஏன் குறையுது?" என்றார் அவர்.

"அதான் எனக்கும் புரியல."

"பகல்ல யாரு வர்றா போறா?"

"யாரு வர்றா? பால்காரம்மா வாசலோட சரி. வேற..."

"வேற?"

அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

தினமும் மதியம் வருகிறவன் அவள் தம்பி ஒருவன்தான். ஆறடிக்கு மேல் உயரம். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான். அதனால் தெருவுக்கே அவன் நெட்டை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்தான். இஸ்திரிப்பெட்டி, வெந்நீர்க் கெட்டில், அடுப்பு, எதுவானாலும் கம்பிச்சுருள் சுற்றிக் கொடுப்பான். கல்யாணம் ஆகவில்லை. மதியச் சோறு அக்கா வீட்டில். பொரிப்பானில் பழைய சுருள் எரிந்துபோனபோது புதிதாகச் சுற்றி மாட்டியவனும் அவன்தான். பக்கத்துத் தெருவில் ஒருவன் புதிதாகப் பொரிப்பகம் தொடங்கினானே, அவனுக்கு ஒயரிங் செய்து கொடுத்தவனும் அவனே.

இந்தக் கடைசி விஷயம்தான் முட்டைக்காரரின் மனதில் நெருஞ்சி முள்ளாகத் தைத்திருந்தது. புதுக்காரனுக்குக் குஞ்சுகள் நன்றாகப் பொரிப்பதாகக் கேள்வி. பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை அவர் பொரிப்பறைக் கதவில் புதுப் பூட்டு மாட்டினார்.

"சாவி?" என்று கை நீட்டினாள் அவள்.

"என்கிட்டயே இருக்கட்டும். முட்டை திருப்பற நேரத்துக்கு நான் வந்துடுறேன்."

"என்னங்க இது? அப்ப என்மேலயும் சந்தேகமா?"

"உன்மேல என்ன சந்தேகம்? நீ இளகின மனசுக்காரி. அவன் 'அக்கா, சுருள ஒரு தடவ பாத்துடுறேன்'னா நீ தொறந்து விட்டுட்டு அடுப்பங்கரைக்குப் போயிடுவ. உனக்கு என்ன தெரியப்போகுது?"

அது உண்மைதான். அப்படி இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. அந்த உண்மைதான் அவளைச் சுட்டது.

அன்று மதியம் தம்பி வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பின்னாடி பூட்டு தொங்குது, என்னக்கா புதுசா?" என்றான்.

"பூனை வருது."

"பூனைக்கு இவ்ளோ பெரிய பூட்டா? அது என்ன, சாவி போட்டுத் தொறக்கிற பூனையா?" என்று சிரித்தான்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் பூட்டைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான். அதைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பார்வையே மாறிப்போனது. ஒருநாள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் தம்பியின் கடைப்பக்கம் பார்த்தாள். முக்காலியில் அந்தப் புதுக்காரன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் படியேறியதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். புதுக்காரன் தம்ளரை வைத்துவிட்டு, "சரி, நான் கெளம்புறேன்" என்று எழுந்து போனான். "என்னடா பேசிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். "சும்மா, ஊர்க்கதை" என்றான் தம்பி. சும்மா என்ற வார்த்தைமேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பூட்டுப் போட்ட பிறகும் பகலில் சூடு இறங்கியது. உள்ளே இருந்த மூன்றாவது ஈட்டு முட்டைகள் பொரிக்க இன்னும் சில நாட்களே இருந்தன. முட்டைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. மோட்டார் கடைக்காரரிடம் போய்க் கரண்ட் அளக்கிற கவ்வி மீட்டரை இரவல் வாங்கி வந்தார். நண்டுக் கொடுக்குபோல வாயைத் திறந்து ஒயரைக் கவ்வுகிற மீட்டர். அதன் மற்ற ஒயர்களெல்லாம் எங்கோ தொலைந்துபோயிருந்தன. கரண்ட் மட்டும்தான் பார்க்க முடியும் என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்காரர்.

முதலில் அவர் இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வ வைத்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. "கரண்டே வரலியா?" என்று பதறினார். பிறகு, ஒற்றை ஒயரை மட்டும் பிரித்துக் கவ்வ வைக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. பிரித்து வைத்தார். மூன்று புள்ளி நான்கு.

சுண்ணாம்புக் கட்டியை எடுத்துச் செங்கல் சுவரில் கணக்குப் போட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெருமை இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

"இங்க பாரு. சுருள் ஆயிரம் வாட். லைன் எரநூத்து முப்பது வோல்ட். ஆயிரத்த எரநூத்து முப்பதால வகுத்தா நாலே காலுக்கு மேல ஆம்பியர் வரணும். வந்தா ரெசிஸ்டன்ஸ் அம்பத்து மூணு ஓம். இப்ப ஓடறது மூணு புள்ளி நாலுதான். எரநூத்து முப்பத மூணு புள்ளி நாலால வகுத்துப் பாரு. அறுபத்தெட்டு ஓம் ஆச்சா? அம்பத்து மூணு எப்படிடி அறுபத்தெட்டு ஆகும்? சுருள் என்ன, வளர்ற பிள்ளையா?"

"அப்படின்னா?"

"சுருள் மாறியிருக்குன்னு அர்த்தம். நல்லத உருவிட்டு மட்டமா ஒண்ணச் சுத்தி மாட்டியிருக்கான். பெருக்கிப் பாரு, எழுநூத்து எண்பது வாட்தான் வருது. அதுல எப்படிக் குஞ்சு பொரியும்?"

"அப்படின்னா ராத்திரியில மட்டும் எப்படிங்க சரியாயிருக்கு?"

"ராத்திரி கதவ யாரும் தொறக்கறதில்ல. சூடு தங்குது" என்றார். அது அவருக்கே முழுதாகத் திருப்தியாக இல்லை. ஆனால் சுவரில் கணக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. அவள் வகுத்துப் பார்த்தாள். அறுபத்தெட்டுதான் வந்தது.

அன்று மதியம் நெட்டை வந்ததும் சோற்றுக்கு உட்காரவிடாமல் நேராகப் பின்னால் அழைத்துப் போனார். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"மாப்ள, உனக்கு இந்தக் கணக்கு புரியுதா?"

நெட்டை குனிந்து நுழைந்து சுவரைப் பார்த்தான். "என்ன மாமா இது?"

"நீ சுத்தின சுருளோட ஜாதகம். எத்தன ஓம் சுத்தின?"

"அம்பத்து மூணு. மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டினேன்."

"இப்ப அறுபத்தெட்டு காட்டுது. எப்படி?"

"அறுபத்தெட்டா? இருக்காதே."

"இருக்காதா? அப்ப நான் பொய் சொல்றேனா? எங்க போச்சு என் சுருள்? பக்கத்துத் தெருவுல எரியுதா?"

நெட்டையின் முகம் கறுத்தது. "மாமா, என்ன பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன். என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் வயித்துலயே அடிக்கிற. உன்ன நம்பித்தானே இந்தப் பெட்டியத் தொறந்து விட்டேன்? அவன்கூட உக்காந்து டீ குடிக்கிறியாமே, ஊரே சொல்லுது."

நெட்டை சுவரில் இருந்த கணக்கை மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தான். அவன் பார்வை ஓர் இடத்தில் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கணக்கை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லுக்கா. நான் பண்ணியிருப்பேனா?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். அந்த நேரம் பார்த்து முக்காலியும் டீ தம்ளரும், பாதியில் நின்ற பேச்சும் கண்முன் வந்தன. அறுபத்தெட்டும் வந்தது. தானே வகுத்துப் பார்த்த அறுபத்தெட்டு. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? சொல்லுக்கா."

"எனக்கு என்னடா தெரியும்? உங்க கரண்டு கணக்கெல்லாம்..."

நெட்டை தலையை ஆட்டினான். "சரி" என்றான். வந்தபோது குனிந்தவன் போகும்போது குனிய மறந்து நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். தடவிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அவனுக்காக வைத்திருந்த சோறு ஆறிப்போயிற்று.

மூன்றாவது ஈடும் அதே குழிக்குப் பக்கத்தில் போயிற்று.

அடுத்த வாரம் அவள் தெருமுனைத் தையல்காரம்மாவிடம் தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போனாள். மதிய நேரம். தையல்காரம்மா மோட்டாரை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, மோட்டார் ரிப்பேரா?"

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கரண்டுதான் சீக்கு. அந்தா பாரு" என்று சுவரைக் காட்டினாள் தையல்காரம்மா. குளிர்பெட்டிக்கு மேலே ஒரு ஸ்டெபிலைசர். அதில் சிவப்பு எழுத்தில் 180 என்று மின்னியது. "எரநூத்து முப்பது இருக்கணுமாம். இதப் பாத்தியா? அந்த ஐஸ் கம்பெனிக்காரன் மழைக்கு முன்னாடி இன்னொரு மிஷின் போட்டான். காலையில ஓட்ட ஆரம்பிச்சான்னா இருட்டுற வரைக்கும் இதே கதைதான். ராத்திரி அவன் நிறுத்தினதும் எல்லாம் சரியாயிடும். பக்கத்துத் தெருவுக்கு வேற டிரான்ஸ்ஃபார்மர், அங்க இந்தத் தொல்லையே இல்ல. புகார் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்."

மழைக்காலத்தில் மின்விசிறியை யார் போட்டார்கள், மெதுவாகச் சுற்றுகிறதா என்று பார்க்க? வீட்டு எல்.இ.டி. விளக்குகளில் ஒரு மங்கலும் தெரியவில்லை. துணியை வாங்காமலேயே அவள் நடந்தாள். பிறகு ஓடினாள்.

பூட்டு இப்போது இல்லை. திருட்டுப் போக என்ன மிச்சம் என்று அவரே கழற்றிவிட்டிருந்தார். சுவரில் கணக்கு அப்படியே இருந்தது. சுண்ணாம்புக் கட்டியைத் தேடி எடுத்து, அதற்குக் கீழே நூற்று எண்பது என்று எழுதினாள். மூன்று புள்ளி நான்கால் வகுத்தாள். அவசரத்தில் எண்கள் கோணிக்கொண்டு போயின. விடை வந்தது. ஐம்பத்து மூன்று.

நூற்று எண்பதை மூன்று புள்ளி நான்கால் பெருக்கினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆயிரம் வாட் எரிய வேண்டிய இடத்தில் அறுநூறு எரிந்திருக்கிறது. சுருள் அன்று மாட்டிய அதே சுருள்தான். யாரும் தொடவில்லை.

கணவர் வந்ததும் அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினாள். தையல்காரம்மா வீட்டில் பார்த்ததைச் சொன்னாள். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டார்.

"கரண்ட மட்டும் அளந்துட்டு வோல்டேஜ அளக்காம விட்டுட்டேனே! எரநூத்து முப்பதுன்னு எவன் சொன்னான்? நானே எழுதிக்கிட்டேன். நானே!"

செருப்பைக்கூட மாட்டாமல் அவர் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடியதைத் தெருவே பார்த்தது. கடையில் ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் மைத்துனனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மாப்ள, நான் ஒரு முட்டாள்டா" என்றார்.

"முட்டைக்காரருக்கும் முட்டாளுக்கும் மூணெழுத்துதான மாமா வித்தியாசம், விடுங்க" என்றான் நெட்டை. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவ்வளவுதான். அந்த இடத்திலேயே தீர்ந்துபோயிற்று.

மறுநாளே நெட்டை கருவிப்பையோடு வந்தான். தன் மீட்டரைச் செருகி வோல்டேஜ் பார்த்தான். சுவரில் ஒரு பக்கமாகக் கணக்குப் போட்டு, இன்னொரு சிறு சுருளைப் பழைய சுருளுக்குப் பக்கத்தில் மாட்டித் தனி சுவிட்ச் வைத்தான். மாமாவுக்கு விளக்கிக்கொண்டே வேலை செய்தான்.

"வோல்டேஜ் கொறஞ்சா கரண்டும் சேந்து கொறையும் மாமா. ரெண்டையும் பெருக்கறதுதான பவர்? அதான் ரெண்டு பக்கமும் அடி வாங்குது. பகல்ல இந்த சுவிட்சையும் போட்டுக்குங்க. ராத்திரி அணைச்சிடுங்க."

அவள் டீ கொண்டுவந்து நீட்டினாள். "எடுத்துக்கடா."

"வச்சிட்டுப் போங்க. கை அழுக்கா இருக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மாமாவிடம் சொல்கிறான் என்று நினைத்தாள். பிறகு, "இந்தத் தண்ணித் தட்ட இனி ரெண்டு தடவ நெரப்புங்க, சூடு கூடும்" என்று அவளைப் பார்த்துச் சொன்னபோதுதான் சுரீரென்றது. பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளை நீ என்று சொன்ன வாய் அது. சண்டை போட்டாலும் நீதான், காய்ச்சலில் பிதற்றினாலும் நீதான்.

அவன் கிளம்பியபோது வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"என்னடா, போங்க வாங்கன்னு பேசுற? நான் என்ன வெளியாளா?"

நெட்டை பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். "மாமாவாவது ஒரு கணக்குப் போட்டாரு. தப்பாப் போட்டாரு, அது வேற. நீங்க என்னத்த வச்சு நம்புனீங்க?"

"நான் நம்பினேன்னு சொன்னேனாடா?"

"இல்லன்னும் சொல்லலியே."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அன்னைக்கு அந்தச் செவத்த உத்துப் பாத்தியே, என்னமோ சொல்ல வந்தியே. என்ன அது?"

அவன் தெருப்பக்கம் பார்த்தான்.

"சொல்லு. உனக்கு அப்பவே தெரியும், அப்படித்தான?"

"எரநூத்து முப்பதுன்னு எழுதியிருந்ததப் பாத்ததுமே தோணுச்சு. லைன அளந்தீங்களான்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். அதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்த கேட்டேன்."

"தெரிஞ்சும் சொல்லாமப் போனியாடா? அத்தன உயிரும் ஓட்டுக்குள்ளயே செத்துச்சு. நான்தான் கையால எடுத்துப் பொதைச்சேன்."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். அந்த உயரத்துக்கு அவன் எவ்வளவு குனிந்தாலும் முகம் அவளுக்குத் தெரிந்தது. அதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அவளிடம் சொன்ன எதையும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. "தப்புதான்" என்றான். "வரேங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

நாலாவது ஈடு நன்றாகப் பொரித்தது. விடியற்காலையிலேயே பெட்டிக்குள் கீச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. ஓடுகளில் நட்சத்திரம்போல விரிசல் விழ, ஈரக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்தன. முட்டைக்காரர் தட்டுத்தட்டாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, யாரையோ கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் தெருவுக்கும் அறைக்கும் நடந்தார். பிறகு கடைக்கே போய் மைத்துனனைக் கையோடு இழுத்து வந்தார். "இனிமே மதியச் சோறு இங்கதான். கடைச்சாப்பாடு தின்னு வயித்தக் கெடுத்துக்காத" என்று அதட்டி உட்கார வைத்தார்.

அவள் தட்டு வைத்துப் பரிமாறினாள். ஆண்கள் இருவரும் ஐஸ் கம்பெனிக்காரனைத் திட்டினார்கள், புதுக்காரனைக் கேலி செய்தார்கள், பண்ணைக்காரர்கள் திரும்பி வருவார்களா என்று பேசினார்கள். அவன் பசியோடு சாப்பிட்டான். தட்டு காலியாவதைப் பார்த்து அவள் சோற்றுப் பாத்திரத்தோடு குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாடா?"

அவன் தட்டுக்குமேல் கையை விரித்து மறைத்தான்.

"போதுங்க."

"அக்காவுக்கு எவ்ளோ மரியாத பாத்தியா இப்ப!" என்று முட்டைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நெட்டையும் சிரித்தான். எழுந்து, தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, கழுவி வைக்கப் பின்பக்கம் போனான்.